நாள் குறிக்கத் தெரிந்த வலி

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கும் நாளிலேயே, அந்த நோயாளிக்கு எந்த வாரத்தில் வாய் எரியத் தொடங்கும், எந்த வாரத்தில் சோறு இறங்காமல் போகும், எப்போது புண் ஆறத் தொடங்கும் என்பதை மருத்துவரால் ஏறத்தாழச் சொல்லிவிட முடியும். மருத்துவத்தில் இப்படி முன்கூட்டியே நாள் குறிக்கக்கூடிய வலிகள் மிகச் சிலவே. ஆயினும் நம் நாட்டின் பெரும்பாலான இடங்களில் இந்த வலிக்கான மருத்துவம், நோயாளி தாமாக வந்து “தாங்க முடியவில்லை” என்று முறையிட்ட பிறகுதான் தொடங்குகிறது. வரும் என்று தெரிந்த வலிக்கு முறையீட்டை எதிர்பார்த்துக் காத்திருப்பது நியாயமா என்பதே இப்பதிவின் கேள்வி.

நான் மருத்துவர் அல்லேன். பொதுச் சுகாதாரத்தைச் சமூகவியல் நோக்கில் ஆராயும் ஆய்வு மாணவன். ஆகவே இங்கே கூறப்படும் மருந்துப் பெயர்களை எவரும் பரிந்துரையாகக் கொள்ள வேண்டாம். மருத்துவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றைத்தான் சொல்லப்போகிறேன். தெரிந்தது ஏன் நடைமுறையாகவில்லை என்பதில்தான் என் அக்கறை.

முதலில் இது எத்தனை பேரின் சிக்கல் என்பதைக் காண்போம். உலக அளவில் வாய்ப்புற்று மிகுந்துள்ள நாடுகளுள் ஒன்று இந்தியா. நம் நாட்டு ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோயும் அதுவே. ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர்க்கு உதடு, வாய்க்குழிப் புற்று புதிதாகக் கண்டறியப்படுகிறது. தொண்டை, குரல்வளைப் புற்றுகளையும் சேர்த்தால் இந்த எண்ணிக்கை இன்னும் பெருகும். குட்கா, கைனி, ஜர்தா, பாக்கு ஆகியவற்றை மெல்லும் பழக்கமே இதன் முதன்மைக் காரணம். புகையிலை கலவாத பாக்கும் புற்றுநோயை உண்டாக்குவதே என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. நோய் முற்றிய நிலையில்தான் பலர் மருத்துவமனைக்கு வருகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர்க்கு அறுவைக்குப் பின்னரோ, அறுவைக்கு மாற்றாகவோ கதிர்வீச்சு தேவைப்படுகிறது.

வழக்கமான சிகிச்சை முறை இது: நாளொன்றுக்கு 2 கிரே வீதம், வாரத்தில் 5 நாட்கள், 6 முதல் 7 வாரங்கள், மொத்தம் 60 முதல் 70 கிரே. இதனுடன் பலருக்குச் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தும் நரம்பு வழியாக ஏற்றப்படும். கதிர் புற்றணுக்களைக் கொல்லும்போது, அந்த வழியிலுள்ள வாயின் உட்சவ்வையும் தாக்குகிறது. வாயின் சவ்வு ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இயல்புடையது. புதுப்பிக்கும் அணுக்கள் அழிந்துவிட, மேலடுக்கு தேய்ந்து, அடியிலுள்ள நரம்பு முனைகள் வெளிப்படுகின்றன. இதனையே மருத்துவர்கள் மியூகோசைட்டிஸ் என்கின்றனர். தமிழில் சளிச்சவ்வழற்சி என்று சொல்லலாம்.

இது வெறும் “சுட்ட புண்” எனப் பல காலம் கருதப்பட்டது. ஸ்டீஃபன் சோனிஸ் என்னும் அறிஞர் 2004இல் எழுதிய கட்டுரை அக்கருத்தை மாற்றியமைத்தது. முதற் கதிர் பட்ட கணத்திலேயே சவ்வின் ஆழத்தில் மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன. அழற்சிக்குரிய சமிக்ஞைகள் ஒன்றையொன்று பெருக்குகின்றன. அதன்பிறகே புண் கண்ணுக்குத் தெரிகிறது. இறுதியில் ஆறுதல் நிகழ்கிறது. இவ்வாறு ஐந்து கட்டங்களாக அவர் அதனை விளக்கினார். கண்ணுக்குப் புண் தெரிவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள். புண் தெரிந்த பின் மருத்துவம் செய்வோம் என்பவர், நான்காம் கட்டத்தில் வந்து சேர்கிறார்.

அட்டவணை ஏறத்தாழ இப்படி அமைகிறது. முதல் வாரத்தில் நோயாளி இயல்பாக இருப்பார்; “இவ்வளவுதானா” என்றுகூடத் தோன்றும். இரண்டாம் வாரத்தில் எச்சில் பிசுபிசுக்கும், சுவை மங்கும், சவ்வு சிவக்கும். மூன்றாம் வாரத்தில் புண்கள் தோன்றும். காரமும் புளிப்பும் தொட முடியாதவையாகும். நான்காம், ஐந்தாம் வாரங்களில் புண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வெண்படலம் போர்த்துக்கொள்ளும். தன் எச்சிலை விழுங்குவதே வேதனையாகும். சிகிச்சை முடிந்த பின்னரும் ஓரிரு வாரம் அதே நிலை நீடித்து, அதன்பின் மெல்ல ஆறும். உலக சுகாதார நிறுவனம் இதனை 0 முதல் 4 வரை தரப்படுத்தியுள்ளது. திட உணவு உண்ண முடிந்தால் 2, நீராகாரம் மட்டுமே முடிந்தால் 3, வாய்வழி எதுவுமே முடியாவிட்டால் 4. அளவுகோலே உணவைக் கொண்டு அமைந்திருப்பதைக் கவனியுங்கள். இங்கே வலியின் அளவும் பட்டினியின் அளவும் ஒன்றாகிவிடுகின்றன.

“பக்க விளைவு” என்னும் சொல்லைப் பற்றி இங்கே சிந்திக்க வேண்டும். பக்கத்தில் நிற்பது மையம் ஆகாது. மையம் சரியாக நடந்தால் பக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற மனநிலையை அச்சொல்லே உருவாக்கிவிடுகிறது. ஆனால் கதிர்வீச்சு உயிரியல் சொல்வது வேறு. விதர்ஸ், டெய்லர், மசியேவ்ஸ்கி ஆகிய மூவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிகிச்சையின் நான்காம் வாரத்தையொட்டி, எஞ்சியுள்ள புற்றணுக்கள் முன்னைவிட விரைவாகப் பெருகத் தொடங்குகின்றன. அதன்பிறகு சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளையும் ஈடுசெய்ய ஏறத்தாழ 0.6 கிரே கூடுதலாகத் தேவைப்படும் என்று அவர்கள் கணித்தனர். சிகிச்சைக் காலம் ஒரு நாள் நீண்டால், கட்டி கட்டுப்படும் வாய்ப்பு 1 விழுக்காடோ அதற்குச் சற்று மேலோ குறையும் என்பது பின்வந்த பல ஆய்வுகளின் மதிப்பீடு.

இவ்விரு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புற்றணுக்கள் வேகமெடுப்பதும் நான்காம் வாரம். வலி தாங்க முடியாததாக மாறுவதும் நான்காம் வாரம். எந்த வாரத்தில் ஒரு நாளும் தவறக்கூடாதோ, அந்த வாரத்தில்தான் நோயாளி “இரண்டு நாள் ஊருக்குப் போய் வருகிறேன்” என்கிறார். அவர் போய்த் திரும்பி வர ஒரு வாரமாகலாம்; திரும்பாமலே போகவும் கூடும். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே “சிகிச்சையைக் கைவிட்டவர்” என்று எழுதப்படும். வலியோடு அவரைக் கைவிட்டது யார் என்று எழுதுவதற்கு அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை. ஆகவே வலியைத் தணிப்பது நோயாளிக்குச் செய்யும் சலுகை என்று எண்ணுவது தவறு. திட்டமிட்ட கதிரளவு திட்டமிட்ட நாட்களுக்குள் சென்றுசேர்வதற்கு அது முன்நிபந்தனை.

இந்த வலிக்கு மற்றெந்த வலிக்கும் இல்லாத ஒரு தனித்தன்மை உண்டு. காலில் வலி என்றால் வாய் சொல்லும். வாயே வலித்தால் எது சொல்லும்? முறையீடு செய்ய வேண்டிய உறுப்பே புண்பட்டிருக்கிறது. நாக்கை அசைத்தால் எரிகிறது, பேச்சு குழறுகிறது, வழியும் எச்சிலைத் துண்டால் ஒற்றிக்கொண்டு பேசக் கூச்சமாக இருக்கிறது. வாரம் ஒருமுறை நிகழும் மருத்துவப் பரிசோதனையில் சில நிமிடங்களே கிடைக்கின்றன. வெளியே நீண்ட வரிசை காத்திருக்கிறது. இந்நிலையில் “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால், பலர் தலையை மட்டும் அசைத்துவிட்டு எழுந்துவிடுகின்றனர். அந்தத் தலையசைப்பு “பரவாயில்லை” என்று பதிவாகிறது.

இதன்மேல் மொழி என்னும் சுவர் வேறு நிற்கிறது. மும்பை பரேல் பகுதியின் நடைபாதைகளிலும் தருமசாலைகளிலும் தங்கிச் சிகிச்சை பெறுவோரில் உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் ஏராளம். வேலூரின் விடுதித் தெருக்களில் வங்கமொழிப் பெயர்ப்பலகைகளைக் காணாதவர் இலர். நோயாளி பேசுவது போஜ்புரி அல்லது மைதிலி. செவிலியர் அறிந்தது மராத்தி அல்லது மலையாளம். கோப்பில் எழுதப்படுவது ஆங்கிலம். மும்பையில் நான் சந்தித்த ஒரு பீகார்த் தொழிலாளி, “தர்த் ஹை?” என்ற கேள்விக்கு இல்லை என்று தலையசைத்தார். அருகிலிருந்த அவர் மனைவியோ நான்கு நாட்களாக அவர் எதுவும் உண்ணவில்லை என்றார். பிறகு “ஜலன்?” என்று கேட்டபோது அவர் கண் கலங்கியது. அவருக்கு இருந்தது எரிச்சல், கேட்கப்பட்டது வலி. தமிழிலும் அப்படித்தான். வலி, எரிச்சல், காந்தல், கடுப்பு, குத்தல், குடைச்சல் ஆகியவை ஒரே பொருள் தருபவை அல்ல. வாய் காந்துகிறது என்பவரிடம் “வலிக்கிறதா?” என்று கேட்டால், அவர் உண்மையாகவே இல்லை என்று சொல்லக்கூடும்.

“0 முதல் 10 வரை எண் சொல்லுங்கள்” என்னும் அளவுகோல் ஆய்வுக் கட்டுரைகளில் அழகாக அமைகிறது. பள்ளி செல்லாத ஒருவருக்கு, தன் வேதனையை எண்ணாக மாற்றுவது ஒரு புதிய பயிற்சி. அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: நேற்று என்ன உண்டீர்கள்? எத்தனை வாய்? தண்ணீர் குடிக்கும்போது என்ன ஆகிறது? இரவில் எத்தனை முறை விழித்தீர்கள்? மாத்திரை விழுங்க முடிகிறதா? இவற்றுக்கு எவரும் விடை சொல்ல முடியும். பேச முடியாதவர்கூட விரலால் காட்ட முடியும். உடனிருப்பவரும் சொல்ல முடியும். பெரும்பாலும் உண்மையை முதலில் சொல்பவரும் அவரே.

இனி, என்ன செய்ய முடியும் என்று பார்ப்போம். இந்தப் புண்ணை முற்றிலும் தடுக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் தணிக்கவும், தள்ளிப்போடவும், தாங்கச் செய்யவும் வழிகள் உண்டு. புற்றுநோய் ஆதரவுச் சிகிச்சைக்கான பன்னாட்டு அமைப்பான மாஸ்க், 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இத்துறையின் சான்றுகளைத் தொகுத்துத் தருகிறது. அதில் உள்ளவற்றையும் பொதுவாக ஏற்கப்பட்ட நடைமுறைகளையும் சுருக்கித் தருகிறேன்.

சிகிச்சைக்கு முன்பே பல் மருத்துவரிடம் காட்டி, சொத்தைப் பற்களையும் கூரிய பல் முனைகளையும் சரிசெய்துவிட வேண்டும். கதிர் பட்ட தாடையில் பின்னர்ப் பல் பிடுங்குவது எலும்புச் சிதைவில் முடியக்கூடும் என்பதால் இது முதற்படி. முதல் நாளிலிருந்தே, ஆறிய நீரில் சிறிது உப்பும் சமையல் சோடாவும் கலந்து, நாளில் பலமுறை வாய் கொப்பளிக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி போதும். செலவே இல்லாத இந்த வழக்கம் புண்ணை ஆற்றிவிடாது. வாயைத் தூய்மையாகவும் ஈரமாகவும் வைத்திருக்கும். மென்மையான பல்துலக்கியையே பயன்படுத்த வேண்டும். புகையிலையை அறவே விட வேண்டும். தொடர்ந்தால் புண் மேலும் கடுமையாகும்.

பென்சிடமின் என்னும் கொப்பளிப்பு மருந்து, தலை, கழுத்துக் கதிர்சிகிச்சையில் புண்ணைத் தடுக்க உதவுகிறது என்பதற்குச் சான்று உண்டு. குறைந்த ஆற்றல் லேசர் ஒளியை வாய்க்குள் பாய்ச்சும் முறைக்கும் வலுவான சான்று உண்டு; நம் நாட்டில் சில மையங்களிலேயே அது கிடைக்கிறது. தேன் பற்றி அந்த வழிகாட்டுதல் ஆதரவாகவே பேசுகிறது. ஆயினும் நீரிழிவு உள்ளவர்களும் பற்சொத்தை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தலாகாது. மாறாக, பரவலாக எழுதித் தரப்படும் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு இந்தப் புண்ணைத் தடுக்க ஏற்றதன்று என்றும், சுக்ரால்ஃபேட் பயனற்றது என்றும் அதே வழிகாட்டுதல் கூறுகிறது. பழைய வழக்கம் சான்றைவிட நீண்ட ஆயுள் கொண்டது.

மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் கலந்த கொப்பளிப்பு நீர்மங்களும் உண்டு. 275 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான சோதனை ஒன்று இவற்றை மதிப்பிட்டது. மருந்தற்ற நீர்மத்தைவிட இவை முதல் நான்கு மணி நேரத்தில் வலியைக் கூடுதலாகக் குறைத்தன. ஆனால் அந்தக் கூடுதல் குறைவு, நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்கது என முன்கூட்டியே வரையறுத்த அளவை எட்டவில்லை. ஒரு வேளை உணவை விழுங்கிவிட இவை உதவலாம். நான்காம் வாரத்தின் வலியை இவற்றால் மட்டும் எதிர்கொள்ள முடியாது.

அந்த வலிக்கு மார்ஃபின் போன்ற மருந்துகள் தேவை. மார்ஃபினை வாய்வழியாகவோ குழாய்வழியாகவோ, நேரந்தவறாமல், பொதுவாக நான்கு மணிக்கொருமுறை, மருத்துவர் கூறும் அளவில் தருகின்றனர். உணவுக்கு அரை மணி முன் தந்தால் உண்ண முடிகிறது. மலச்சிக்கல் உறுதியாக வரும் என்பதால் முதல் நாளிலிருந்தே அதற்கான மருந்தும் சேர்த்துத் தரப்பட வேண்டும். அறவே விழுங்க முடியாதவர்க்குத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை உண்டு. 0.2 விழுக்காட்டு மார்ஃபின் கரைசலால் வாய் கொப்பளிப்பதையும் வழிகாட்டுதல் குறிப்பிடுகிறது. வெண்படலம் எல்லாமே கதிர்ப்புண் ஆகிவிடாது. பூஞ்சைத் தொற்றும் அதே தோற்றத்தில் வந்து எரிச்சலைப் பெருக்கும். அதற்குத் தனி மருந்து உண்டு. ஆகவே வாயைத் திறந்து பார்க்காமல் மருந்து எழுதலாகாது. எடை குறையத் தொடங்கியதுமே மூக்குவழிக் குழாய் பொருத்துவது பற்றிப் பேசிவிட வேண்டும். குழாயைத் தோல்வியின் அடையாளமாகக் குடும்பங்கள் கருதுகின்றன. அது சில வாரங்களுக்கான பாலம் என்று முன்பே விளக்கினால் அச்சம் குறையும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வலி மருத்துவம் முறையாகக் கிடைக்காதபோது, மக்கள் அருகிலுள்ள மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை வாங்கி விழுங்குகின்றனர். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கவல்ல மருந்து, இம்மாத்திரைகளும் அவ்வாறே, நீர்கூட அருந்த முடியாத உடலில் இரண்டும் சேர்வது ஆபத்து. வலிக்கு மருந்து தராமல் விடுவதால் மருந்துப் பயன்பாடு நின்றுவிடாது. அது மேற்பார்வையின்றி வேறிடத்தில் நடக்கும்.

மார்ஃபினைப் பற்றி இவ்வளவு தயக்கம் நம்மிடையே ஏன் வந்தது? இதில் வரலாற்றின் பங்கு பெரிது. சட்டப்படி அபின் பயிரிடும் வெகுசில நாடுகளுள் இந்தியா ஒன்று. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்ற உழவர்கள் அதைப் பயிரிடுகின்றனர். காஜிப்பூரிலும் நீமச்சிலும் உள்ள அரசு ஆலைகள் அதனைப் பதப்படுத்துகின்றன. உலகின் வலிக்கு மூலப்பொருள் தரும் நாடு இது. ஆனால் 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பின், மருத்துவமனை ஒன்று மார்ஃபின் வைத்திருக்க வெவ்வேறு துறைகளிடம் பல உரிமங்கள் பெற வேண்டியதாயிற்று, மாநிலத்துக்கொரு விதி, எழுத்துப் பிழைக்கும் சிறைத்தண்டனை நேருமோ என்ற அச்சம். மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் அதனை வைப்பதையே நிறுத்தின. நாட்டின் மார்ஃபின் பயன்பாடு அடுத்த பத்தாண்டுகளில் பெருஞ்சரிவைக் கண்டது. ஒரு தலைமுறை மருத்துவ மாணவர்கள் அம்மருந்தைக் கையாளக் கற்காமலே பட்டம் பெற்றனர்.

2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. இன்றியமையாப் போதை மருந்துகள் என்ற புதிய வகை உருவாக்கப்பட்டு, 2015இல் மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் முதலிய ஆறு மருந்துகள் அதில் சேர்க்கப்பட்டன. பல உரிமங்களுக்குப் பதிலாக, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் பெறும் ஓர் அங்கீகாரம் போதும் என்றாயிற்று. இதற்குப் பின்னணியில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றோரின் நெடிய முயற்சி இருந்தது. 1993இல் கோழிக்கோட்டில் அவரும் தோழர்களும் தொடங்கிய வலி, தணிப்புச் சிகிச்சைச் சங்கம், எளிய வீடுகளிலும் மார்ஃபினைப் பாதுகாப்பாகத் தர முடியும் என்று காட்டியது. 2008இல் கேரள அரசு தணிப்புச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. சட்டம் மாறிவிட்டது. விண்ணப்பித்து அங்கீகாரம் பெறும் முனைப்பு எல்லா மருத்துவமனைகளுக்கும் இன்னும் வரவில்லை.

வேறொரு தடையும் உண்டு. மார்ஃபின் என்றால் மரணம் என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. தணிப்புச் சிகிச்சை இயக்கம் இறுதிநிலை நோயாளிகளிடமிருந்து வளர்ந்ததால் வந்த எதிர்பாரா விளைவு இது. குணமாக்கும் நோக்குடன் கதிர் தரப்படும் ஒருவருக்கு மருத்துவர் மார்ஃபின் எழுதினால், “எங்களிடம் எதையோ மறைக்கிறார்கள்” என்று குடும்பம் கலங்குகிறது. உண்மையோ நேரெதிர். குணமாகும் வாய்ப்பைக் காப்பதற்காகவே அது தரப்படுகிறது. புண் ஆற ஆற அளவைக் குறைத்து நிறுத்திவிடலாம். அடிமையாகிவிடுவாரோ என்ற அச்சத்தைப் புறந்தள்ள வேண்டியதில்லை. முன்பே மதுவுக்கோ பிற போதைக்கோ ஆட்பட்டவர் என்றால் கூடுதல் கண்காணிப்புத் தேவை. கண்காணிப்புத் தேவை என்பது மருந்தை மறுக்கக் காரணமாகாது.

மூன்றாவது தடை, அறத்தின் வேடத்தில் வருவது. “மென்றது அவர்தானே, அனுபவிக்கட்டும்” என்ற சொல்லை வெளிப்படையாகச் சொல்வோர் குறைவு. உள்ளூர நினைப்போர் மிகுதி. நோயாளியே அப்படி நினைக்கிறார் என்பதுதான் கொடுமை. தான் செய்த வினைக்குக் கூலி என்று கருதுபவர் வலிக்கு மருந்து கேட்கமாட்டார். கட்டடத் தொழிலிலும் செங்கல் சூளையிலும் பசியை மறக்கவும் விழித்திருக்கவும் புகையிலையை அடக்கிக்கொண்டவருக்கு, அந்தப் பொட்டலத்தை ஓரிரு ரூபாய்க்குத் தெருவெங்கும் கிடைக்கச் செய்தது யார் என்ற கேள்வியை அப்போது எவரும் எழுப்புவதில்லை. மாரடைப்பு வந்தவரிடம் என்ன உண்டீர்கள் என்று விசாரித்துவிட்டு வலிநீக்கி தருவதில்லை. வாய்ப்புற்று நோயாளிக்கு மட்டும் வேறு நீதி இருத்தல் ஆகாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றையும் நேர்மையாகக் கருத வேண்டும். கூட்டம் மிகுதி, மருத்துவர் குறைவு, ஒரு நாளில் ஒரு கருவியில் எத்தனையோ பேருக்குக் கதிர் தர வேண்டியிருக்கிறது என்பது உண்மை. இந்தச் சுமையைத் தாங்கும் இளம் மருத்துவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் நான் கேட்பது மருத்துவரின் கூடுதல் நேரத்தை அன்று. நோயாளி வாரத்தில் ஐந்து நாட்கள் தவறாமல் மருத்துவமனைக்கு வருகிறார். வேறெந்த நோயிலும் இத்தகைய வாய்ப்பு இல்லை. காத்திருக்கும் அந்த நேரத்தில், பயிற்சி பெற்ற செவிலியரோ சமூகப் பணியாளரோ நான்கு கேள்விகள் கேட்டு, எடை பார்த்து, ஓர் அட்டையில் குறித்துவிட முடியும். தவறவிட்ட நாட்களால் கூடும் மறுநோய்ச் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு செலவு.

ஆகவே நான் முன்வைப்பவை நான்கு. ஒன்று, கதிர்சிகிச்சைத் திட்டம் வகுக்கப்படும் அன்றே வலித் திட்டமும் எழுதப்பட்டு, எந்த வாரத்தில் என்ன வரும், அப்போது என்ன தரப்படும் என்பது நோயாளியின் மொழியில் அவர் கையில் தரப்பட வேண்டும். இரண்டு, வலியும் உணவும் எடையும் வாரந்தோறும் கேட்கப்பட்டுப் பதிவாக வேண்டும், முறையீட்டுக்காகக் காத்திருக்கலாகாது. மூன்று, கதிர்சிகிச்சைக் கருவி உள்ள ஒவ்வொரு மருத்துவமனையும் மார்ஃபின் வைத்திருக்கும் அங்கீகாரத்தைப் பெற்றிருப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். கோடிக்கணக்கில் கருவி வாங்கும் நிறுவனத்துக்கு மலிவான மாத்திரையை வைப்பது பாரமாகாது. நான்கு, நாள் தவறியவர்களின் கணக்கு வெளியிடப்படும்போது, அதற்கான காரணமும் சேர்த்து வெளியிடப்பட வேண்டும்.

கடைசியாக, இதை வாசிக்கும் ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இச்சிக்கலில் மருத்துவர்கள் தனியே செய்ய முடியாத பணிகள் நமக்காகக் காத்திருக்கின்றன. மொழியியல் பயில்வோர், போஜ்புரியிலும் சந்தாலியிலும் அசாமியத்திலும் ஒடியாவிலும் தமிழிலும் வாயின் வேதனைக்கு மக்கள் வழங்கும் சொற்களைத் தொகுத்து, மருத்துவமனைகள் பயன்படுத்தக்கூடிய சிறு கையேடுகளாக ஆக்கலாம். சட்டம் பயில்வோர், 2014 திருத்தத்துக்குப் பின் தத்தம் மாவட்டத்தில் எத்தனை மருத்துவமனைகள் அங்கீகாரம் பெற்றுள்ளன எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி கேட்டுத் தெரிவிக்கலாம். சமூகவியல் பயில்வோர், “கைவிட்டவர்” என்று குறிக்கப்பட்டோரின் ஊர்களுக்குச் சென்று, நான்காம் வாரத்தில் என்ன நடந்தது என்று கேட்கலாம். அவர்களில் உயிரோடு இருப்பவர்களிடம் கேட்பதற்குக் காலம் அதிகம் இல்லை. உங்கள் துறையிலும் நகரிலும் இப்பணியைத் தொடங்க விரும்புவோர் கீழே எழுதுங்கள், சேர்ந்து திட்டமிடுவோம்.